வேது பிடிக்கும் மலை

பலெர்மோவில் போய் இறங்கிய மூன்றாம் நாளே எனக்குத் தடிமன் பிடித்துவிட்டது. சின்னம்மா பெரிய சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். நொச்சி இலைக்கு அங்கே எங்கே போவது? கீழ்வீட்டுக்காரரின் மரத்தில் முறித்த யூக்கலிப்ரஸ் கொப்பைப் போட்டார். என்னைக் கதிரையில் இருத்தி, தலைக்கு மேலால் போர்வையை மூடிவிட்டு, "வடிவா இழு பிள்ளை, வாயைத் திறந்து இழு" என்றார்.

போர்வைக்குள் எனக்கு ஒன்றும் தெரியாது. வெளியே சின்னம்மாவின் குரல் மட்டும் கேட்டது. அவர் பன்னிரண்டு வருஷம் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டவர். குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, மாலையில் பல்கனியில் கொண்டுபோய் இருத்துவது எல்லாம் சின்னம்மாதான். அந்த நொன்னா (அங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஷாக்கா என்ற ஊரில் பிறந்தவ. சின்னம்மா வேது பிடிப்பதைக் கண்டால் அவவுக்குச் சிரிப்பு வருமாம். "இதுக்குப் போய் அடுப்பு மூட்டுறாய். எங்கட ஊரில மலையே இதைச் செய்யும்."

தடிமன் மாறியதும் நான் கேட்ட முதல் கேள்வி ஷாக்காவுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்பதுதான். வரலாறு படிக்கிற பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டால் இப்படித்தான் நடக்கும் என்று சித்தப்பா சொன்னார். அடுத்த ஞாயிறு அவருடைய நண்பர் ஒருவரின் காரில் நாலு பேராகப் போனோம்.

போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பலெர்மோத் தமிழர்களுக்குக் குகை ஒன்றும் புதிதில்லை. நகரத்துக்கு மேலே இருக்கும் பெல்லெகிரினோ மலையில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவில் இருக்கிறது. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காப்பாற்றியவர் என்று பலெர்மோ மக்கள் கொண்டாடும் புனிதர் அவர். எண்பதுகளிலிருந்து அங்கே வந்து சேர்ந்த எங்களுடைய சனம், சைவக்காரரும் சேர்த்து, அந்த மலையை நடந்தே ஏறி நேர்த்தி வைக்கிறது. சின்னம்மாவும் விசா எடுபட்டால் வெறுங்காலோடு ஏறுவேன் என்று வைத்து, எடுபட்ட பிறகு ஏறியவர். அந்தக் குகையில் கூரையிலிருந்து குளிர்ந்த தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதைக் கண்டுவிட்டு வந்தவனுக்கு, சூடாக மூச்சு விடுகிற குகையையும் பார்க்கவேண்டும் என்று ஆசை வராதா?

ஷாக்கா சிசிலியின் தென்மேற்குக் கரையில் இருக்கிற துறைமுகப் பட்டினம். மீன்பிடி வள்ளங்கள், படிபடியாக ஏறுகிற வீடுகள், எதிரே ஆபிரிக்காவை நோக்கிய கடல். ஊரின் முதுகுப்புறத்தில் 400 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் ஒரு மலை நிற்கிறது. வரைபடத்தில் மொந்தே குரோனியோ என்றிருக்கும். ஊர்ச்சனம் சான் கலோஜெரோ மலை என்கிறது. அதன் உச்சியிலும் சரிவிலும் இருக்கும் வெடிப்புகளாலும் குகை வாய்களாலும் நூற்றாண்டுக் கணக்காகச் சூடான ஈரக்காற்று வெளியே வந்துகொண்டிருக்கிறது. இவற்றுக்கு இத்தாலியனில் 'ஸ்தூஃபே' என்று பெயர். நேராகச் சொன்னால் அடுப்புகள். கலோஜெரோவின் அடுப்புகள்.

எரிமலைக் குகை என்றுதான் பயண இணையப் பக்கங்களில் போடுகிறார்கள். நானும் கறுத்த எரிமலைப் பாறையை எதிர்பார்த்துத்தான் போனேன். அங்கே நிற்பது வெளிறிய சுண்ணாம்புக்கல் மலை, எங்களுடைய கீரிமலைப் பக்கத்துப் பாறையின் தூரத்துச் சொந்தம்போல. நெருப்பு மலைக்குள் இல்லை. மிக ஆழத்தில் நிலம் சூடேற்றிய தண்ணீர் வெடிப்புகளால் மேலே வருகிறது. மலையடிவாரத்தில் அது ஊற்றாக வெளிப்படுகிறது. மலைக்குள்ளே அதன் ஆவி மட்டும் சுண்ணாம்புக்கல்லின் பொந்துகள் வழியே உச்சிக்கு ஏறுகிறது. சில குகை வாய்கள் வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றன. மேலே இருப்பவை சூடாக வெளியே விடுகின்றன. மூக்கும் வாயும் மாதிரி. எரிமலை என்றால் அதற்குக் கடலைத்தான் பார்க்கவேண்டும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

குகைக்குள் வெப்பநிலை 37, 38 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். கேட்கிறபோது பெரிதாகத் தெரியாது. எங்கள் ஊரின் கடும் வெயில் நாள்போலத்தான் இருக்கும். வித்தியாசம் ஈரப்பதனில் இருக்கிறது. அங்கே காற்று தண்ணீரால் நிரம்பி 100 வீதத்தில் நிற்கிறது. எங்கள் உடம்பு வேர்த்து, அந்த வேர்வை காய்ந்து, அதனால் குளிர்கிற உடம்பு. நிரம்பிய காற்றில் வேர்வை காயாது. அதுமட்டுமில்லை, தோல் காற்றைவிடக் கொஞ்சம் குளிராக இருப்பதால், காற்றிலிருக்கும் ஆவி வந்து தோலில் தண்ணீராகப் படியும். குளிர்சோடாப் போத்தலின் வெளிப்பக்கம் நனைகிறதே, அதேமாதிரி. அந்தக் குகையில் ஒருவர் தன் வேர்வை என்று துடைப்பதில் ஒரு பங்கு மலையின் தண்ணீர்.

இதை ஏறத்தாழ 2,000 வருஷங்களுக்கு முன்பே ஒருவர் கவனித்து எழுதியிருக்கிறார். டியோடோரஸ் என்ற கிரேக்க மொழி வரலாற்றாசிரியர், கி.மு. முதலாம் நூற்றாண்டு, அவரே சிசிலிக்காரர். செலினூஸ் நகரத்தின் எல்லைக்குள் ஒரு குகை இருக்கிறது, அதில் நிலத்தடி நெருப்பின் ஆவியை டெடலஸ் அவ்வளவு நுட்பமாக வெளியே எடுத்திருக்கிறான், அங்கே போகிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் மெல்ல மெல்ல வேர்த்து, சூட்டின் வேதனை இல்லாமலே சுகமடைகிறார்கள் என்ற கருத்தில் எழுதுகிறார். இந்த விபரம் வேறு எந்த மலைக்கும் இவ்வளவு பொருந்தாது என்பதால், அவர் சொல்வது ஷாக்காவின் குகையைத்தான் என்று பொதுவாக ஏற்கிறார்கள். இன்றைக்கும் பிரதான குகைக்கு டெடலஸின் குகை என்றுதான் பெயர்.

டெடலஸை எங்களில் பலருக்கு இறக்கை கட்டிப் பறந்த கதையோடு தெரியும். மகன் இக்காரஸ் சூரியனுக்குக் கிட்டப் போய் விழுந்துவிடுகிறான். தகப்பன் என்ன ஆனான் என்பதைப் பள்ளிக்கூடக் கதைப் புத்தகங்கள் சொல்வதில்லை. டியோடோரஸ் சொல்கிறார்: கிரேத்தாத் தீவின் அரசன் மினோஸிடமிருந்து தப்பிய டெடலஸ் சிசிலியில் கரையேறி, கோகலோஸ் என்ற உள்ளூர் அரசனிடம் தஞ்சம் கேட்டான். தஞ்சம் கிடைத்தது. அதற்குப் பதிலாக அவன் அந்த நாட்டுக்குக் கட்டிக் கொடுத்த வேலைகளில் ஒன்றுதான் இந்த ஆவிக் குகை. மினோஸ் விடவில்லை. கப்பல்படையோடு வந்து ஆளைக் கொடு என்று கேட்டான். கோகலோஸ் சரி என்று சொல்லி, விருந்தாளியாக அழைத்து, குளிக்க வார்த்து, சுடுதண்ணீரில் அளவுக்கு மிஞ்சி வைத்திருந்தே ஆளை முடித்துவிட்டான். உடலைத் திருப்பிக் கொடுக்கும்போது, குளியலறையில் சறுக்கிச் சுடுதண்ணீருக்குள் விழுந்துவிட்டார் என்று காரணமும் சொன்னான்.

அகதியைக் காட்டிக்கொடுக்காத அரசன் நல்லவன்தான். ஆனால் அந்த விளக்கத்தை வாசித்தபோது எனக்குப் பத்திரிகையில் வரும் தடுப்புக்காவல் மரணச் செய்திகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அரசுகள் பொய் சொல்லும் முறையில் பெரிய முன்னேற்றம் எதுவும் இல்லைப்போல.

கட்டுக்கதைதான், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கட்டுக்கதைக்கு ஒரு வேலை இருந்தது என்பது வகுப்பில் படித்தபோது விளங்காமல் அந்த மலையில் நின்றபோதுதான் விளங்கியது. கிரேக்கர்கள் சிசிலியில் குடியேறியவர்கள். செலினூஸை அவர்கள் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அமைத்தார்கள். அதற்கு முன்பே அந்தத் தீவில் சிக்கானியர் முதலிய மக்கள் இருந்தார்கள். வந்தவர்கள் ஒரு மலை மூச்சு விடுவதைக் கண்டார்கள். உள்ளூர்ச்சனம் அதைப் பற்றிக் கட்டாயம் ஏதோ சொல்லியிருக்கும். அந்தச் சொல் எதுவும் எழுத்தில் வரவில்லை. வந்தது டெடலஸின் பெயர். எங்களுக்கு முன்பே எங்களுடைய ஆள் ஒருவன் இங்கே வந்து இதைக் கட்டிவிட்டான் என்றால், பிறகு வந்து குடியேறுவது வந்தேறித்தனம் ஆகாதே. செலினூஸைக் கி.மு. 409இல் கார்த்தேஜ் படை அழித்தது. கதை அழியவில்லை.

அடுத்த பெயர் கலோஜெரோ. கிரேக்கத்தில் 'நல்ல கிழவர்' என்று பொருள்படும் சொல். துறவியைக் கூப்பிடும் பொதுப்பெயர். அதாவது இவருக்கும் சொந்தப் பெயர் மிஞ்சவில்லை. மரபின்படி ஆறாம் நூற்றாண்டில் கிழக்கே இருந்து, இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதியாகிவிட்ட கல்சிடோனிலிருந்து, கடல் கடந்து வந்தவர். மலையில் குடியிருந்த பேய்களைத் துரத்திவிட்டு, குகையில் தவமிருந்து, ஆவியால் நோயாளிகளைக் குணப்படுத்தினாராம். கிழவயதில் ஒரு பெண்மான் வந்து பால் கொடுத்ததாம். ஒரு வேடன் அம்பெய்து அந்த மானைக் கொன்றுவிட்டு, பிறகு அழுதுகொண்டே அவருடைய சீடனானானாம். இறந்தது 561 யூன் 18 என்று நாள் உட்பட வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பெயர் தெரியாது. மலையுச்சியில் அவருக்குக் கோவில் இருக்கிறது. பேய்களைத் துரத்தினார் என்ற இடத்தில் எனக்கு ஒரு குறுகுறுப்பு. அந்தப் பேய்கள் யாருடைய தெய்வங்களாக இருந்திருக்கும்?

பக்கத்து அக்ரிஜெந்தோ நகரத்தில் யூலை மாதம் இவருக்குத் திருவிழா. அங்கே அவருடைய முகம் கறுப்பு. ஆபிரிக்காவிலிருந்து வந்தவர் என்று நம்புகிறவர்களும் உண்டு. சிலை வீதியால் போகும்போது பல்கனிகளிலிருந்து சனம் பாணை எறியும். கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளிகளுக்காக அவர் வீடு வீடாகப் பாண் இரந்தபோது, கிட்ட வரப் பயந்து சன்னலால் எறிந்தார்களாம், அந்த ஞாபகம். சின்னம்மா ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறார். "கறுத்த கிழவர். நெத்தியில விபூதி மட்டும்தான் குறை" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "கறுப்பெண்டு வீடு வாடகைக்குக் குடுக்கமாட்டினம். சாமியெண்டால் தோளில தூக்குவினம்" என்றும் சொன்னார். கார் ஓட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். சின்னம்மா சிரிக்கவில்லை.

ஷாக்காவில் பிறந்த ஒரு டொமினிக்கன் துறவி, தொமாசோ ஃபாட்செல்லோ, 1558இல் சிசிலியின் முழு வரலாற்றையும் இலத்தீனில் எழுதி அச்சிட்டார். அழிந்துபோன செலினூஸ் எந்த இடத்தில் இருந்தது என்று அடையாளம் கண்டவரும் அவர்தான். மலையின் குகைகளில் ஒன்று இன்று அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் அவர் காலத்திலும், அவருக்குப் பிறகு 400 வருஷங்களுக்குக் கிட்டவும், எல்லாருடைய வரலாறும் குகையின் மேல் தட்டோடு நின்றுவிட்டது. கல்லில் வெட்டிய இருக்கைகள், அவற்றில் வரிசையாக இருந்து வேர்க்கிற நோயாளிகள். அதற்குக் கீழே இறங்க யாராலும் முடியவில்லை.

இறங்கியவர்கள் இத்தாலியின் மறு மூலையிலிருக்கும் த்ரியெஸ்தே நகரத்துக் குகை ஆய்வாளர்கள். 1940களில் தொடங்கினார்கள். மேலே நோயாளி இருந்து சுகம் காண்கிற அதே ஆவிதான் கீழே ஆளைக் கொல்லும். வேர்வை காயாத இடத்தில் ஓடி ஆடி வேலை செய்தால் உடம்பின் வெப்பம் போவதற்கு வழியில்லை. உள்ளே ஏறிக்கொண்டே போகும். பாதுகாப்பு எதுவுமில்லாமல் அரை மணித்தியாலம் தாக்குப்பிடிப்பதே பெரிய காரியம். பிந்திய காலத்தில் போனவர்கள் உடம்பைக் குளிரூட்டும் உடுப்புகளோடு போனார்கள். அப்படி ஒரு கிடங்கால் கயிற்றில் இறங்கி, தவழ்ந்து போன இருண்ட கூடங்களில், 1950களில், அவர்களுடைய விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தவை மண்சாடிகள். பெரிய பெரிய சாடிகள். யாரோ கொண்டுவந்து ஒழுங்காக வைத்துவிட்டுப் போனதுபோல.

செப்புக்காலத்துச் சாடிகள் அவை. ஏறத்தாழ 5,000, 6,000 வருஷம் பழையவை. செலினூஸ் இல்லை, டெடலஸ் கதை இல்லை, கிரேக்க மொழியையே அந்தத் தீவில் ஒருவரும் கேட்டிராத காலம். மேல் குகைகளில் அகழ்ந்த சாந்தோ தினே என்ற தொல்லியலாளர் அதற்கும் முந்திய புதிய கற்கால மனிதர்களின் தடயங்களைக் கண்டார். அவற்றை வைத்து ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. தொடக்கத்தில் இந்தக் குகைகளில் ஆவி இல்லை அல்லது குறைவு. சனம் அங்கே சாதாரணமாக வாழ்ந்தது. பிறகு ஒரு காலத்தில் மலை சூடாக மூச்சு விடத் தொடங்கியது. இருக்க முடியாமல் வெளியேறினார்கள். வெளியேறியவர்கள் திரும்பி வந்தார்கள், வாழ்வதற்கு இல்லை, நிலத்துக்குக் கீழே இருக்கும் எதற்கோ படைப்பதற்கு. சாடிகள் அந்தப் படையல்.

இது முடிந்த முடிவில்லை. ஆனால் இதை நம்புவதற்கு எனக்கு ஆசையாக இருக்கிறது. வீட்டை விட்டு எழுப்பப்பட்ட சனம் திரும்பி வந்து அந்த வீட்டு வாசலிலேயே விளக்கு வைப்பதை நான் வலி வடக்கில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த விளக்கம் எனக்குச் சட்டென்று பிடித்துவிட்டது, அதனாலேயே நான் அதைச் சந்தேகிக்கவும் வேண்டும் என்று என் விரிவுரையாளர் சொல்லக்கூடும்.

யோசித்துப் பாருங்கள். குளிரூட்டும் உடுப்பில்லை, மின்விளக்கில்லை. பந்தம் அந்த ஈரத்தில் எரிந்திருக்குமோ தெரியாது. ஒரு பெரிய சாடியை, அதுவும் வெறும் சாடி இல்லை, நிரம்பிய சாடியை, மூச்சு முட்டுகிற இருட்டுக்குள் சுமந்துகொண்டு போய், உடைக்காமல் வைத்துவிட்டு, உயிரோடு மேலே வரவேண்டும். எத்தனை பேர் வராமல் போனார்களோ.

சாடி நிரம்பியிருந்தது என்று எப்படித் தெரியும்? 2017இல் ஒரு ஆய்வு வெளியானது. தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் தவிதே தனாசியும் குழுவினரும் ஒரு சாடியின் உட்சுவரில் ஒட்டியிருந்த படிவைச் சுரண்டி இரசாயனப் பகுப்பாய்வு செய்தார்கள். தார்த்தாரிக் அமிலமும் அதன் உப்பும் இருந்தன. முந்திரிகைப் பழத்தில் இயல்பாக இருப்பவை, வைன் புளிக்கும்போது படிபவை. அதாவது சாடிக்குள் இருந்தது வைன். அதுவரை இத்தாலியில் வைன் வடிப்பு நடு வெண்கலக் காலத்தில், கி.மு. 1300ஐ ஒட்டித்தான் வளர்ந்தது என்று நினைத்திருந்தார்கள். இந்த ஒரு சாடி அதைக் கி.மு. நாலாம் ஆயிரமாண்டுக்குக் கொண்டுபோய்விட்டது. சிவப்பு வைனோ வெள்ளையோ என்பதைச் சாடி சொல்லவில்லை.

கிரேக்கர் வந்துதான் சிசிலிக்கு முந்திரிகையும் நாகரிகமும் வந்தன என்ற மாதிரியான வரலாற்றை நானும் முதலாம் வருஷத்தில் பாடமாக்கி எழுதிப் புள்ளி வாங்கியவன். அவர்கள் வருவதற்கு ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே யாரோ வைன் வடித்து, அதில் நல்லதை எடுத்து, மலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோவுக்கு ஒரு பெயரும் இல்லை. டெடலஸுக்கு இருக்கிறது, கலோஜெரோவுக்கு இருக்கிறது, மலைக்கே கிரேக்கக் கடவுள் குரோனோஸின் பெயர் இருக்கிறது. சாடி வைத்தவர்களுக்குச் சாடி மட்டும்தான். சாடிகளைக் கண்டெடுக்க முடிந்ததும் அந்த ஆவியால்தான். அது இல்லாதிருந்தால், மேலே வந்துபோன ஒவ்வொருவரும் இறங்கித் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள், அல்லது உடைத்துவிட்டுத் தங்களுடையதை வைத்திருப்பார்கள்.

இனி அந்தக் கடல் கதை. 1831 யூலையில் ஷாக்காவுக்கும் பந்தெலேரியாத் தீவுக்கும் இடையில் கடல் கொதித்து, புகை எழுந்து, ஒரு புதிய தீவு வெளியே வந்தது. கடலடி எரிமலை. வளர்ந்து 60 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. ஓகஸ்ற் 2ஆம் திகதி பிரித்தானியக் கப்பல் தலைவர் ஒருவர் இறங்கிக் கொடியை நட்டு, கடற்படை அமைச்சரின் பெயரால் கிரஹாம் தீவு என்றார். இரு சிசிலிகளின் அரசன் இரண்டாம் பெர்டினாண்ட், அது என்னுடையது என்று பெர்டினாண்டேயா என்றான். பிரெஞ்சுப் புவிச்சரிதவியலாளர் வந்து, யூலையில் பிறந்ததால் யூலியா என்று பெயர் வைத்து இன்னொரு கொடி நட்டார். மூன்று நாடுகள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, தளர்ந்த சாம்பலும் கல்லுமான தீவை அலை கரைத்தது. அடுத்த வருஷம் பிறந்தபோது தீவு இல்லை. இப்போது கடல் மட்டத்துக்குச் சில மீற்றர் கீழே இருக்கிறது. திரும்ப எழும்பினாலும் எழும்பும் என்று 2000களின் தொடக்கத்தில் சுழியோடிகள் போய், இது சிசிலி மக்களுக்கே சொந்தம் என்று பொறித்த ஒரு கற்பலகையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துவிட்டு வந்தார்கள். அதையும் பிறகு உடைந்த நிலையில்தான் கண்டார்களாம். பலகையை யார் உடைத்தார்கள் என்பதற்கு ஒரு நாடும் உரிமை கோரவில்லை.

பந்தெலேரியா முழுக்க எரிமலைத் தீவு. அங்கே ஆவி வரும் குகை ஒன்று இருக்கிறது, அதற்குள் இருந்து வேது பிடிப்பார்கள். கப்பற்காசு இல்லாததால் நான் போகவில்லை. எரிமலைக் குகைதான் வேண்டும் என்கிறவர்கள் அங்கே போகலாம்.

சொந்தம் கொண்டாடுகிற கதை எங்களுக்கும் நல்லாய்த் தெரிந்த கதை. பத்தாம் வகுப்பில் சுற்றுலா போனபோது கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் மாறி மாறி வாளியால் அள்ளி ஊற்றினோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாயின் அந்தியேட்டிக்காக உண்டாக்கியது என்று ரீச்சர் சொன்னார். அங்கே நின்ற பலகை வேறு கதை சொன்னது. 2019 யூலையில் அந்தப் பழைய பிள்ளையார் கோவில் நிலத்தில் விகாரை எழும்பப்போகிறது என்று சனம் திரண்டு போராட்டம் நடத்தியதும், விடயம் நீதிமன்றம் போனதும் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அங்கே என் பக்கம் எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஷாக்காவில் நின்றுகொண்டு, கன்னியாவின் சாடிகள் எங்கே என்று நான் முதன்முதலாக யோசித்தேன். இராவணனுக்கும் முந்தி, விகாரைக்கும் முந்தி, அந்தத் தண்ணீரில் கையை வைத்து எடுத்த முதல் ஆளைப் பற்றி இரண்டு பக்கத்திலும் ஒருவரும் கதைப்பதில்லை. அந்த ஆள் எங்களுடைய வழக்கில் சாட்சி சொல்லமாட்டார் என்பதாலோ என்னவோ.

இவ்வளவும் சொல்லிவிட்டு, குகைக்குள் எப்படி இருந்தது என்று சொல்லாமல் விட்டதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே போகவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ஷாக்காவின் சுடுநீர்க் குளியல்கள் பெரிய சுகாதார நிலையமாக வளர்ந்தன. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்து வாதக்காரர்களை அனுப்புகிற காலம் இருந்தது. நொன்னாவும் அப்படிப் போனவதான். 2015இல் குளியல்கள் மூடப்பட்டன. கடன், நிர்வாகம், யார் பொறுப்பு என்ற இழுபறி. நாங்கள் போன ஞாயிறு மலையின் மேலே கதவு பூட்டியிருந்தது. கேட்பதற்கும் ஆளில்லை. ஒரு பூனை மட்டும் மதிலில் படுத்திருந்தது.

நொன்னா சொன்னதைச் சின்னம்மா அந்த மதிலடியில் நின்றுதான் முழுதாகச் சொன்னார். பொம்பிளையள் ஒரு நேரம், ஆம்பிளையள் ஒரு நேரம். வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு கல்லிருக்கையில் வரிசையாக இருப்பார்களாம். கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். பிறகு வெளியே கொண்டுவந்து, கம்பளியால் சுற்றி, கட்டிலில் படுக்க வைத்து, இன்னும் வேர்க்க விடுவார்கள். அங்கே இருந்தபோதுதான் நொன்னா தன்னுடைய மாமியாரோடு முதன்முதலாகச் சண்டையில்லாமல் கதைத்தாவாம். "அதுக்குள்ள ஆரும் ஆரையும் பாக்கேலாது. புகை. அதாலதான் கதைக்க ஏலுமா இருந்தது." நொன்னா செத்து இப்போது மூன்று வருஷம். கடைசிக் காலத்தில் அவவின் முழங்காலுக்குச் சின்னம்மாதான் சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தவ. எங்கட ஊர் மலையில கொண்டுபோய் இருத்து என்று கேட்டுக்கொண்டே இருந்தாவாம்.

கட்டடத்தின் பக்கச் சரிவில், புல்லுக்கு இடையில், ஒரு சாண் அகலத்தில் ஒரு வெடிப்பைச் சித்தப்பாதான் கண்டார். சுற்றியிருந்த புல் மட்டும் பச்சையாக, ஈரமாக இருந்தது. நான் குனிந்து கையை வைத்தேன். நாய்க்குட்டி மூச்சு விடுவதுபோல இளஞ்சூடு. கை நனைந்தது. கல்லின் உட்பக்கம் முழுக்கப் பாசி.

"விலகு, விலகு" என்று சின்னம்மா வந்தார். கைப்பையைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை எடுத்துத் தலைக்கு மேலால் போட்டு, முழங்காலில் நின்று, அந்த வெடிப்புக்கு மேல் முகத்தைக் கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு வந்த ஒரு இத்தாலியக் குடும்பம் நின்று பார்த்தது. சின்னம்மா எழும்பவில்லை. சேலைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"நொச்சி மணக்கேல்ல. மற்றும்படி சரி."